சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எப்படிப்பட்ட பேன்ட் சரியாக இருக்கும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 36. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. சக்கர நாற்காலியைத் தானே ஓட்டுவார், ட்யூப் போட்டுத் தானே சிறுநீர் எடுத்துக்கொள்வார். வீட்டில் லுங்கியும் ஷார்ட்ஸும்தான். இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது, பேன்ட் போட்டுத்தான் போக வேண்டும். கடையில் வாங்கிய பேன்ட் பின்னால் இறங்குகிறது, முன்னால் வயிற்றில் மடிந்து குத்துகிறது. ஒரு நாள் ஜீன்ஸ் போட்டு மாலை வரை உட்கார்ந்ததில் வலது பக்கப் பிட்டத்தில் கருஞ்சிவப்பாக ஒரு தடம், காலையிலும் போகவில்லை. ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் சரியாகுமா? தனியாகத் தைக்கச் சொன்னால் 'பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்' என்று தயங்குகிறார்.

பதில்: பேன்ட்டைப் பிறகு பேசலாம், முதலில் அந்தத் தடம். சாதாரணமாக அழுந்திய தடம் அரை மணி நேரத்தில் மறைந்துவிட வேண்டும். இரவு முழுவதும் படுத்து எழுந்த பிறகும் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் அழுத்தப்புண்ணின் முதல் நிலை, நாம் பேச்சுவழக்கில் படுக்கைப் புண் என்று சொல்கிறோமே அதுதான். தோல் இன்னும் கிழியாததால் இப்போதே கவனித்தால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். அது மறையும் வரை அந்தப் பக்கம் எடை விழக்கூடாது. அதாவது உட்காரவே வேண்டாம், பக்கவாட்டிலோ குப்புறவோ படுக்கட்டும், வேலைக்குச் சேரும் தேதியை ஒரு வாரம் தள்ளிப்போட நேர்ந்தாலும் பரவாயில்லை. தேய்த்து விடாதீர்கள், ஸ்பிரிட் தடவாதீர்கள், நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்கார வைக்காதீர்கள். அந்த வளையம் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெருக்கி நிலைமையை மோசமாக்கும். கொப்புளமோ கிழிசலோ தெரிந்தால், அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நம்முடைய நிறத்துக்குத் தோல் எப்போதும் சிவந்து காட்டாது, சிலருக்குக் கொஞ்சம் கருத்து மட்டும் தெரியும். அதனால் கண்ணோடு நிறுத்தாமல் கையாலும் தொட்டுப் பாருங்கள்.

இதைச் செய்தது ஜீன்ஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நாம் உட்காரும்போது உடம்பின் எடை பெரும்பாலும் பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. பின்பாக்கெட் சரியாக அந்தப் பக்கம்தான் வந்து உட்காரும். ஜீன்ஸ் பாக்கெட்டின் மூலையில் துணி நாலைந்து மடிப்பாகச் சேர்ந்து, மேலே இரட்டைத் தையல் ஓடி, சிலதில் செப்புக் குமிழும் அடித்திருப்பார்கள். என்னிடம் வரும் நோயாளிகளைக் கவிழ்த்துப் படுக்க வைத்துப் பார்த்தால், தோலில் பாக்கெட்டின் மூலையும் தையல் ஓடிய வரியும் முத்திரை குத்தியதுபோல் அப்படியே பதிந்திருக்கும். உணர்வு உள்ளவர்கள் குத்தினால் நெளிந்து இடம் மாறி உட்கார்ந்துவிடுவோம், அவருக்கு அந்தச் செய்தி மூளைக்குப் போகவே போகாது. எனவே அவருடைய பேன்ட்டில் பின்பாக்கெட், குமிழ், அலங்காரப் பொத்தான், பின்பக்கம் ஒட்டும் தோல் லேபிள் எதுவும் வேண்டாம். மூடித் தைத்த போலிப் பாக்கெட்கூட வேண்டாம்.

ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா என்றால், வேண்டாம். எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி இதுதான், கடைக்காரரும் இதைத்தான் சொல்வார். ஆனால் பெரிய சைஸில் மிச்சமாகும் துணி எங்கே போகும்? தொடைக்கு அடியிலும் பிட்டத்துக்கு அடியிலும் மடிப்பு மடிப்பாகத் தங்கும், ஒவ்வொரு மடிப்பும் ஒரு தையல்போலத் தோலை அழுத்தும். பக்கவாட்டில் தொங்குகிற துணி சக்கரத்தில் உரசும், கால் பக்கம் முன்சக்கரத்தில் சிக்கும். இறுக்கமான பேன்ட்டும் கெடுதல்தான், இடுப்பையும் கவட்டையையும் நெருக்கும், கால் இழுப்பு இருப்பவர்களுக்கு இழுப்பை அதிகமாக்கும். உண்மையில் சைஸில் தவறில்லை, வெட்டில்தான் இருக்கிறது. கடை பேன்ட் நிற்கிறவருக்கு வெட்டியது. உட்கார்ந்தால் முன்பக்கம் சுருங்கி, பின்பக்கம் நீள்கிறது, முழங்கால் மடங்குகிறது. உங்கள் கணவர் நாள் முழுக்க அந்த நிலையில்தான் இருக்கப்போகிறார் என்பதால் பேன்ட்டும் அதற்கென்றே வெட்டியதாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்கள் சில இப்படித் தயாராகவே விற்கின்றன, இணையத்தில் வரவழைக்கலாம். ஆனால் விலையும் அதிகம், அளவு சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவதும் பெரும்பாடு. நம் ஊரில் நல்ல தையல்காரர் ஒருவரே போதும் என்பது என் அபிப்பிராயம். அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் கணவர் நாற்காலியோடு கடைக்குப் போகட்டும். பழைய பேன்ட்டை அளவுக்குக் கொடுத்தனுப்புவது மட்டும் வேண்டாம்.

அளவெடுக்கும்போது அவர் வழக்கமாக உட்காரும் குஷனில், கால் மிதியடியில் இருக்க, ஷூ போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டயப்பர் கட்டுகிறவர் என்றால் கட்டிக்கொண்டே அளவு கொடுக்க வேண்டும். இடுப்பளவை உட்கார்ந்த நிலையில், சாப்பிட்ட பிறகு எடுங்கள். வயிற்றுத் தசை பிடிப்பில்லாதவர்களுக்கு உட்கார்ந்ததும் வயிறு முன்னால் வந்துவிடும், நின்றோ படுத்தோ எடுத்த அளவு பொருந்தாது. டேப்புக்குள் இரண்டு விரல் நுழைகிற இடம் இருக்கட்டும். அப்புறம் முன்பக்க உயரம், அதைச் சாதாரண பேன்ட்டைவிட ஓரிரண்டு அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள், வயிற்றில் மடிந்து குத்துவது அதோடு நிற்கும். பின்பக்கத்தை இரண்டு மூன்று அங்குலம் ஏற்றச் சொல்லுங்கள், முன்னால் குனிந்து எதையாவது எடுக்கும்போதும் இடுப்பு வெளியே தெரியாது. இது அந்தரங்கத்துக்கு மட்டுமில்லை, பேன்ட் இறங்கினால் ஒவ்வொரு முறையும் யாராவது பிடித்து மேலே இழுப்பார்கள், அந்த இழுப்பில் தோல் உராயும். கால் நீளத்தை இடுப்பிலிருந்து தொடை வழியாக, மடங்கிய முழங்காலின் மேல் டேப்பை வளைத்துவந்து ஷூவின் மேற்பகுதிவரை அளக்க வேண்டும். நின்றபடி எடுத்த நீளத்தில் தைத்தால் உட்காரும்போது கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். முழங்காலுக்குப் பின்னால் கசங்கி நிற்கும் துணியை ஒரு சின்ன டாட் (துணியைக் கூம்பாக மடித்துத் தைப்பது) பிடித்து எடுத்துவிடலாம், பிளவுஸ் தைக்கிறவர்களுக்கு இது தெரிந்த வேலைதான்.

இன்னொன்று, தையல்காரரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது. பிறகு உடம்பு போட்டால் பிரித்துவிட வசதியாக, பேன்ட்டின் பின்தையலில் ஓர் அங்குலத்துக்கு மேல் துணியை உள்ளே விட்டு வைப்பது அவர்கள் பழக்கம். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அந்த மிச்சத் துணி உள்ளே சுருண்டு கயிறுபோல் ஆகிவிடும். இடுப்புப் பட்டைக்குக் கீழே கொஞ்ச தூரம் மட்டும் விட்டுவிட்டு, உட்காரும் பகுதியில் அதை வெட்டி, தையலை இருபுறமும் விரித்து இஸ்திரி போட்டுப் படியவைக்கச் சொல்லுங்கள். நடுத்தையல் பள்ளத்தில் விழுகிறது என்பதால் அதையே எடுத்துவிடத் தேவையில்லை, தட்டையாக இருந்தால் போதும். அதே காரணத்துக்காக அவருடைய உள்ளாடையையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், தடித்த எலாஸ்டிக் ஓரம் பிட்டத்தின் நடுவில் ஓடுகிறதா என்று.

ஜிப் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம்தான். ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுப்பவருக்குச் சாதாரண ஜிப் போதாது. கவட்டை வரை இறங்குகிற நீள ஜிப் வேண்டும், உள்ளே ஜிப்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு துணிப்பட்டி இருக்க வேண்டும், உணர்வில்லாத தோல் ஜிப்பில் சிக்கினாலும் அவருக்குத் தெரியாது. ஜிப் குட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்றால், அலுவலகத்துக் கழிப்பறையில் பேன்ட்டை இறக்குவதற்கு அலுப்புப்பட்டுக்கொண்டு சிறுநீர் எடுப்பதைத் தள்ளிப்போடுவார், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், அது நேராகச் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய்விடும். வேலைக்குப் போகத் தொடங்கியவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், கேட்டால் 'வேலை ஜாஸ்தி டாக்டர்' என்பார்கள். இடுப்பில் பொத்தானுக்குப் பதில் தட்டையான கொக்கி போதும், அவருக்கு விரல்கள் நன்றாக வேலை செய்கின்றன. கழுத்துப் பகுதியில் அடிபட்டு விரல் மடங்காதவர்களுக்கு மட்டும் ஜிப்பில் விரல் நுழைகிற வளையம், கொக்கிக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைக்கலாம். இடுப்பின் பின்பாதியில் அகலமான எலாஸ்டிக் நல்லது, மெல்லியது வேண்டாம், அது வெட்டும். பெல்ட் தேவையில்லை. பெல்ட் லூப்பையோ இடுப்புப் பட்டையையோ பிடித்து அவரைத் தூக்குவதை வீட்டில் யாரும் செய்யக்கூடாது. துணி கவட்டையில் ஏறி நெரிக்கும், லூப் பிய்ந்தால் ஆள் கீழே.

காலில் யூரின் பேக் கட்டுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் அகலம் கூட வேண்டும், உள்பக்கத் தையலில் ஒரு ஜிப் வைத்தால் பேன்ட்டைச் சுருட்டாமலே பையைக் காலி செய்யலாம். காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் சட்டம் போடுகிறவர்களுக்கும் இது உதவும். இதைப் படிப்பவர்களில் நெஞ்சு மட்டத்தில், அதாவது டி6 எனப்படும் ஆறாவது நெஞ்சுப் பகுதித் தண்டுவட மட்டத்திலோ அதற்கும் மேலேயோ அடிபட்டவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இறுக்கமான பேன்ட்டோ, மடங்கி அடைத்துக்கொண்ட ட்யூபோ போதும், ரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, அடிபட்ட இடத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டுவது, இவைதான் அடையாளம். உடனே நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்கக்கூடாது. பேன்ட், பெல்ட், பை கட்டிய பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள், ட்யூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள், அப்படியும் அடங்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு. உங்கள் கணவருக்கு அடிபட்டது அதைவிடக் கீழே என்பதால் இது வருவது அரிது.

துணி: மெல்லிய காட்டன், நூற்றில் இரண்டு மூன்று பங்கு லைக்ரா என்கிற இழுத்தால் நீளும் இழை கலந்தது. தைக்கும் முன் ஒரு முறை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் எடுத்த அளவெல்லாம் முதல் சலவையிலேயே வீண். பேன்ட் கருநீலமோ கறுப்போ இருக்கட்டும், சிறுநீர் கசிந்தால் சட்டென்று வெளியே தெரியாது, அவருக்கு அந்தத் தைரியம் முக்கியம். ஆனால் உள்ளாடை வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும், ரத்தமோ சீழோ பட்டால் அதில்தான் உங்களுக்குத் தெரியும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பதால் அலுவலகத்தில் ஒரு பேன்ட் எப்போதும் இருக்கட்டும். பாக்கெட்டைத் தொடையின் மேல்பக்கம், மூடியோடு வைத்துக்கொள்ளலாம். சாய்வான பக்கப் பாக்கெட்டில் போட்ட சில்லறையும் சாவியும் நழுவி விழுந்து தொடைக்கு அடியில் போய்விடும், மாலை வரை அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்.

குஷன் அழுக்காகிவிடும் என்று அதன்மேல் டவல் விரிக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல பேன்ட்டையும் அந்தச் சுருக்கம் கெடுத்துவிடும். பேன்ட் எப்படி இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தரம் முழங்கால்மேல் முழங்கையை ஊன்றி இரண்டு நிமிடம் முன்னால் சாய்ந்து எடையை எடுக்க வேண்டியதும் மாறாது. அலுவலகத்தில் அவர் தொடைமேல் சூடான டீ டம்ளரை வைக்கக்கூடாது, மெல்லிய காட்டன் தாங்காது, வெந்துபோனதுகூடத் தெரியாமல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய தயக்கத்துக்கு வருகிறேன். தனியாகத் தைப்பது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் மறுவாழ்வு மையத்தோடு சேர்ந்து, ஹெலன் குக்மன் என்கிற ஆடை வடிவமைப்பாளர் 1955-லேயே மாற்றுத்திறனாளிகளுக்கென்று உடைகள் உருவாக்கத் தொடங்கினார். அதே ரஸ்க்கிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்தான் நம் வேலூர் சிஎம்சியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கி வைத்தவர். இதை அவரிடம் சொல்லுங்கள். தவிர, நான் சொன்ன மாற்றங்கள் பெரும்பாலும் வெளியே தெரியாது, பார்க்கிறவர்களுக்கு அது நன்றாகப் பொருந்திய ஒரு பேன்ட், அவ்வளவுதான்.

முதலில் ஒன்று மட்டும் தையுங்கள். வீட்டிலேயே ஒரு மணி நேரம் போட்டு உட்காரட்டும், பிறகு படுக்க வைத்துப் பிட்டம், வால் எலும்பு, இடுப்பின் பக்கங்கள், முழங்காலின் பின்புறம், விரைப் பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். தனியாகப் பார்க்க அவர் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். அரை மணியில் தடம் மறைந்தால் அடுத்த நாள் இரண்டு மணி நேரம், அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். மறையாவிட்டால் எந்தத் தையல் பதிந்திருக்கிறது என்று அந்தப் படத்தைத் தையல்காரரிடமே காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரம் போட்டுத் துவைத்து எல்லாம் சரியாக இருந்தால், அதையே அளவாகக் கொடுத்து இன்னும் மூன்று தைத்துக்கொள்ளலாம்.