சிலிகா இருந்தால் செலவுதான்

கேள்வி: ஒடிசாவின் பஞ்சபட்மாலி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை எப்படி வெட்டுகிறார்கள்? அதில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) அதிகமாக இருந்தால் மட்டும் போதாதா?
– சேலம் வாசகர்

பதில்: போதாது. களிமண்ணில் உள்ள சிலிகா (சிலிக்கன் ஆக்சைடு), ஆலையின் சூடான காஸ்டிக் சோடாவோடு வினைபுரிந்து, அலுமினாவையும் இழுத்துக்கொண்டு சிவப்புச் சேறு என்னும் ஆலைக் கழிவில் போய்விடும். சோடாவும் போச்சு, அலுமினாவும் போச்சு; இரட்டை நஷ்டம்!

பஞ்சபட்மாலியில் சுமார் 3 மீட்டர் லேட்டரைட் (செம்புரைக்கல்) மூடியை அகற்றினால், சராசரியாக 14 மீட்டர் தாது. அதன் அடியில் களிமண். தோண்டும் எந்திரமான ஷவலின் வாளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் சிலிகா ஏறிவிடும். ஆகவே வெடி வைக்கும் முன்பே, வெடிக்காகத் துளையிடும்போது வரும் தூளைச் சோதித்து எங்கே நிறுத்துவது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்தாது நொறுக்கியில் அப்பிக்கொள்ளும். அது வேறு தலைவலி.

நொறுக்கியது 14.6 கி.மீ. கன்வேயரில் தாமன்ஜோடி ஆலைக்கு இறங்கும். வெட்டிய குழியில் லேட்டரைட்டைக் கொட்டி, தனியே சேர்த்த மேல்மண்ணைப் பரப்பி மரம் நடுவார்கள்.