ஐப்பசி மழைக்கு முன் மாடித் தோட்டத்தில் என்ன செய்வது?

கேள்வி: தாம்பரம் பக்கம் இருக்கிறோம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை நம்பி, போன வருடம் தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை எல்லாவற்றையும் ஆடியிலேயே மாடியில் விதைத்தேன். புரட்டாசி வரை செழிப்பாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் தக்காளிப் பூ கொட்டியது, கத்தரி ஈர மண்ணிலேயே வாடிச் செத்தது. அவரை பூக்கவே இல்லை, பிடுங்கிப் போட்டுவிட்டேன். இந்த வருடமும் அதே செடிகள்தான் நிற்கின்றன. மழைக்கு முன் என்ன செய்யலாம்? டிரைக்கோடெர்மா என்ற உயிர் மருந்தோடு கடையில் தரும் பூஞ்சாணக்கொல்லியையும் சேர்த்து ஊற்றலாமா?

பதில்: பழமொழி மேல் தப்பில்லை. அது மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலத்துக்குச் சொன்னது. மேலே குழாய் வைத்திருக்கும் உங்களுக்கு மழையை எதிர்பார்த்து விதைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. மழை வரும்போது செடி எந்த நிலையில் இருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். ஆடிக் கடைசியில் விதை போட்டால் 25 நாளில் நாற்று, நட்டு ஒரு மாதத்தில் பூ. அதாவது புரட்டாசிக் கடைசி. காய் பிடிக்க வேண்டிய நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும், அதிலும் நவம்பர்தான் உச்சம். நனைந்த மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது, பூ கொட்டாமல் என்ன செய்யும்? ஆடியில் நம் கடலோர மாவட்டங்களுக்கு ஏற்றவை வெண்டை, கொத்தவரை, கீரை. கீரை 25 நாளில் கைக்கு வரும், வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். மழைக்குள் பெரும்பகுதி அறுவடை முடிந்துவிடும்.

இப்போது கத்தரி. ஈரத்தில் நின்ற செடி ஏன் வாடுகிறது என்று பலரும் குழம்பி, வாடுகிறதே என்று இன்னும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். செடியைக் கொல்வது அந்தக் குவளைதான். வேருக்குக் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைந்தால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும், அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, இரு விரலால் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும், உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். மண்ணில் சாக்கடை வாடையும் இருக்கும். அந்த நிலைக்குப் போன செடிக்கு எந்த மருந்தும் வேண்டாம், எடுத்துப் போட்டுவிடுங்கள்.

ஆகவே மழைக்கு முன் செய்ய வேண்டிய பெரிய வேலை, தண்ணீர் வெளியேற வழி செய்வது. உரம், மருந்தெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒவ்வொரு செடிப் பையிலும் அரை வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களுக்குப் பிறகும் மேலே குளம் கட்டி நின்றால் துளை அடைத்திருக்கிறது. அடியில் இருக்கும் துளைகள் தரையோடு ஒட்டிக்கொண்டு வேராலும் நார்த்தூளாலும் அடைபடுவது வழக்கம். பையின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில், சூடாக்கிய கம்பியால் நான்கைந்து துளை போடுங்கள். பிறகு பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் சேர்ந்த சருகையும் அள்ளிவிடுங்கள், இல்லையென்றால் செடியோடு கூரையும் ஊறும்.

புதிதாகப் பை நிரப்புவதாக இருந்தால் கோகோபிட் என்னும் தேங்காய் நார்த்தூளைக் குறையுங்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் அது. சித்திரை வெயிலில் அது வரம், ஐப்பசியில் வேண்டாத சுமை. செம்மண்ணும் மண்புழு உரமும் கூடுதலாக இருக்கட்டும், கொஞ்சம் ஆற்று மணலும் சேர்க்கலாம். மண் மேல் சருகு பரப்பிய மூடாக்கை முழுவதும் எடுத்துவிடாதீர்கள். மழைத்துளி மண்ணைத் தெறிக்கவைத்து, அதன் வழியாகத்தான் நோய் அடி இலைக்கு ஏறுகிறது. மெல்லிய பரப்பாக, தண்டை விட்டுத் தள்ளிப் போட்டால் போதும். மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அடைமழை நாட்களில் பஞ்சகவ்யமும் வேப்பெண்ணெயும் தெளிப்பது காசைக் கழுவிவிடுவதுதான். மழை ஓய்ந்ததும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள், கரைந்து போன சத்துக்கு அது ஈடாகும்.

நிழல்வலை மழையைத் தடுக்காது, அதன் வேகத்தை மட்டும் உடைக்கும். கீரைக்கும் நாற்றுக்கும் அதுவே பெரிய உதவி. ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் அவிழ்க்க வேண்டியதும் அதுதான், காற்று பிடித்துக் கம்பத்தோடு பெயர்த்துவிடும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா அடித்த அடியைச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவர் மேலிருக்கும் தொட்டிகளையும் கீழே இறக்கிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் மழை முடியும்வரை எடுத்துவிடுங்கள், டெங்கு கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும்.

இருக்கும் தக்காளியிலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஐப்பசி நடுவில், சாரல் படாத பால்கனியில் குழித்தட்டு வைத்துப் புதிதாக விதை போடுங்கள். கார்த்திகை நடுவில், மழை இடைவெளி பார்த்து நடலாம். மார்கழி, தையில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி வரும்போது பூ நன்றாகக் காயாகும். கத்தரி பிழைத்தால், மழை விட்டதும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள், மறுபடி துளிர்த்துக் காய்க்கும். முள்ளங்கி, பீட்ரூட், காலிஃப்ளவருக்கும் அதுதான் பருவம்.

அவரையைத் தயவுசெய்து பிடுங்காதீர்கள். பந்தலில் ஏறும் நாட்டு அவரை, பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். எவ்வளவு உரம் போட்டாலும் அதற்கு முன் கொடிதான் நீளும். வடிகால் மட்டும் சரியாக இருக்கட்டும், கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

கடைசிக் கேள்விக்குப் பதில், சேர்த்து ஊற்றக் கூடாது. டிரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சாணம். பூஞ்சாணக்கொல்லி அதையும் கொன்றுவிடும், இரண்டுக்கும் கொடுத்த காசு வீண். மழை தொடங்குவதற்கு முன்பே, ஒரு கிலோ மண்புழு உரத்தில் இரண்டு மூன்று தேக்கரண்டி டிரைக்கோடெர்மாவைக் கலந்து, லேசாக ஈரமாக்கி, நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து வேர்ப்பகுதியில் இடுங்கள். விதைக்கென்றால் கிலோவுக்கு 4 கிராம் கணக்கு, உங்கள் சின்னப் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை. வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். உள்ளே இருப்பது உயிர், பல மாதம் அலமாரியில் வெந்த பாக்கெட்டில் வெறும் மாவுதான் இருக்கும்.