சம்பளம் பதினாலாயிரம், ஆனால் நாள் கூலி 734

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். ஆள் வைத்தால் உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கேட்டு வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (காரிமங்கலம், ஹார்டுவேர் கடை): அண்ணா, கடையில் 12 பேர். ஆளுக்கு 14,000 சம்பளம். நாளைக்கு 467 ரூபாய்தான் விழுகிறது. அதை வைத்துத்தான் டெலிவரி கூலி போடுகிறேன். ஆனாலும் வருடக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே ஓட்டை?

பதில்: 14,000ஐ 30ஆல் வகுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் தம்பி.

முதலில் மேல்செலவு. 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 455 ரூபாய். போனஸ் சட்டம் உங்களுக்கு வராது, அதற்கு 20 பேர் வேண்டும். ஆனால் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்காமல் நம்ம ஊரில் கடை திறக்க முடியுமா? மாதத்துக்கு 1,167 என்று இப்போதே எடுத்து வையுங்கள். அப்புறம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடை. ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட வேண்டும். மாதத்துக்குப் பிரித்தால் 673. இதை யாருமே எடுத்து வைப்பதில்லை. எட்டு வருடம் இருந்த பையன் கல்யாணம் ஆகி ஊருக்குப் போகும்போது 64,615 ரூபாய் ஒரே நாளில் வந்து நிற்கும்.

டீயை மறந்துவிடாதீர்கள். இரண்டு டீ, ஒரு வடை என்றால் 32 ரூபாய். 26 நாளைக்கு 832. கூட்டிப் பாருங்கள்: 17,127 ஆகிவிட்டது.

இனி நாள் கணக்கு. 365இல் வார விடுமுறை 52 போகட்டும். நம் மாநிலச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் பண்டிகை நாள் ஐந்தும் சேர்ந்து 9. கடைகள் சட்டப்படி வருட விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12. மிச்சம் 280 நாள். நோய் விடுப்பு 12 தனி, அதை நான் சேர்க்கவே இல்லை.

வருடச் செலவு 2,05,524. 280ஆல் வகுத்தால் 734 ரூபாய். நீங்கள் 467 என்று நினைத்து சிமென்ட் மூட்டையை மாடியேற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி, மொபைல் கடை): 9 பேரோடு நிறுத்திக்கொண்டால் இ.எஸ்.ஐ. தலைவலி இல்லையே? மிச்ச ஆட்களை மனைவி பெயரில் இன்னொரு கடை போட்டு அங்கே காட்டலாமா?

பதில்: ஒரே கட்டிடம், ஒரே கல்லா, ஒரே சாவி. சோதனைக்கு வருகிற அதிகாரிக்குக் கண் தெரியாதா? சேர்த்து ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். ஒருமுறை இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிட்டால் அப்புறம் ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் கணக்கு பார்க்கும் ஒரு பெயின்ட் கடையில் இதே யோசனையைச் செய்தார்கள். ஒருநாள் மேல்தட்டில் இருபது லிட்டர் டின்னை எடுக்கப்போன பையன் ஏணியோடு சரிந்தான். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரிக்கு முதலாளிதான் கட்டினார், நான்கு மாதம் வீட்டுக்கு அரிசியும் அவர்தான் அனுப்பினார். மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் அந்த வருட லாபமே போனது. இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் வைத்தியமும் வேலைக்குப் போகாத நாட்களின் பணமும் அங்கிருந்து வந்திருக்கும். 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இதைவிட மலிவான காப்பீடு எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி (அரூர்): 20 பேர் ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எவ்வளவு கூடும்?

பதில்: முதலாளி பங்கு 12, நிர்வாகக் கட்டணம் அரை, காப்பீடு அரை. மொத்தம் 13 சதவீதம். 15,000 சம்பளத்துக்கு 1,950. இருபதாவது ஆளைச் சேர்க்கும்போது அவர் ஒருவருக்கு மட்டும் அல்ல, இருபது பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள்.

கேள்வி (ராயக்கோட்டை, தையல் யூனிட்): அண்ணா, வேலை கற்றுக்கொடுத்து ஆறு மாதத்தில் பெண்கள் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். ஐந்நூறு ஏற்றிக் கொடுத்தால் நிற்பார்களா? எனக்குத் தாங்குமா?

பதில்: இன்றைக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது தங்கச்சி. ஐந்நூறு தாங்குமா என்று கேட்கிறீர்கள்; ஒரு ஆள் போனால் என்ன ஆகிறது என்று எழுதிப் பார்த்தீர்களா?

சம்பளம் 13,000 என்று வைப்போம். புதிதாக வருகிற பெண் முதல் மாதம் பாதி வேலைதான் தருவாள், 6,500 போச்சு. இரண்டாம் மாதம் முக்கால் பங்கு, இன்னொரு 3,250. ஆக 9,750. பிரித்துத் தைத்த துணி, உடைந்த ஊசி, சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த சூப்பர்வைசரின் நேரம், தள்ளிப்போன ஆர்டருக்கு வாங்கிய திட்டு எல்லாம் இதில் இல்லை. வருடம் முழுக்க ஐந்நூறு ஏற்றினால் 6,000, அதன்மேல் போனஸ் வகையில் கொஞ்சம். எது மலிவு?

ஆனால் ஒன்று. ஐந்நூறுக்காக மட்டும் அவர்கள் போவதில்லை. பஸ் ஊர்முனைக்கே வருகிறது. கேன்டீன் சாப்பாடு. ஏழாம் தேதி தவறாமல் வங்கியில் சம்பளம். நீங்கள் 7ஆம் தேதி கொடுக்கிறீர்களா, இல்லை பார்ட்டி பணம் வந்ததும் 14ஆம் தேதியா? முதலில் அதைச் சரி செய்யுங்கள், அதற்குக் காசு ஆகாது. இரண்டு ஊருக்கு ஒரு ஷேர் ஆட்டோ பேசிப் பாருங்கள். இருட்டியபின் மகள் எப்படி வீடு வருவாள் என்பதுதான் பல அம்மாக்களின் கவலை.

கேள்வி (பாலக்கோடு, பட்டறை): லேத் ஆபரேட்டருக்கு 50,000 அட்வான்ஸ் கொடுத்தேன். மூன்றாம் மாதம் ஆளே இல்லை. அடுத்தவரிடம் ஆதாரையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. அட்வான்ஸைக் காட்டி ஆளை நிறுத்தி வைப்பது 1976 சட்டப்படி கொத்தடிமை வழக்கில் போய் முடியும். எனக்கும் இந்த அடி விழுந்திருக்கிறது. என் ஆபீசில் டைப் அடித்த பையன் முப்பதாயிரத்தோடு பெங்களூர் போனவன் போனவன்தான். அதிலிருந்து நான் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுப்பதில்லை, கொடுப்பதையும் வங்கி வழியாக, எழுத்தில். போனதைத் திரும்பி வராத கடனாக எண்ணி, ஆள் செலவில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (போச்சம்பள்ளி, மாங்கூழ்): சீசனுக்கு மட்டும் வருகிற ஆட்களுக்கு என்ன செலவு?

பதில்: பி.எஃப். உள்ள இடமானால் முதல் நாளிலிருந்தே உண்டு. போனஸ் சட்டம் பொருந்தும் இடத்தில் வருடத்தில் 30 நாள் வேலை செய்தாலே உரிமை உண்டு. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். ஆனால் உங்களை உறிஞ்சுவது இது எதுவும் இல்லை, வேன் வாடகை. காய் லோடு வராத நாளிலும் வேன் ஓடும், ஆள் வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார், கூலி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். சென்ற சீசனில் அப்படி எத்தனை நாள் என்று வருகைப் பதிவில் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு எண்ணுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): புதுத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டதாமே?

பதில்: ஆமாம், 2025 நவம்பர் 21 முதல். சம்பளத்தைப் பல படிகளாக (அலவன்ஸ்) பிரித்து அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் வேலை இனி நடக்காது. படிகள் பாதிக்கு மேல் போனால், கூடுதலான தொகை சம்பளமாகவே எண்ணப்படும். கிராஜுவிட்டிதான் முக்கியமாக ஏறும். நின்றுபோகிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

கேள்வி (பென்னாகரம், பேக்கரி): கல்லாவில் என் வீட்டுக்காரி உட்காருகிறாள். அவளுக்குச் சம்பளம் இல்லை, அந்தச் செலவு மிச்சம்தானே?

பதில்: அவர்கள் ஒரு மாதம் தாய்வீடு போனால் யாரை உட்கார வைப்பீர்கள், அவருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? அதை எழுதுங்கள். காலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை என்றால் இரண்டு ஆள் சம்பளம். அதைக் கழித்தபின் பன்னில் லாபம் நின்றால்தான் பேக்கரி ஓடுகிறது என்று அர்த்தம். நிற்காவிட்டால் அக்காதான் உங்களுக்கு மாதாமாதம் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், கவுன்டரில் நிற்கிற பெண்களுக்கு உட்கார இருக்கை போடுங்கள். 2021இல் நம் மாநிலத்தில் அதற்கும் சட்டம் வந்துவிட்டது.