ஸ்போர்ட்டி காரை விற்றுவிட்டு எஸ்.யூ.வி. வாங்குவது: கடன் எவ்வளவு வரை போகலாம்?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் பம்ப் உற்பத்தி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். வயது 42. பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் மாதச் சம்பளம் 1,15,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 31,000, எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதந்தோறும் போடும்) முதலீடு 15,000, பெட்ரோல் உட்பட வீட்டுச் செலவு சுமார் 45,000. அவசரத் தேவைக்கென வங்கியில் 3.2 லட்சம் வைத்திருக்கிறேன். 2018-ல் ஆசைப்பட்டு வாங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. என்ற ஸ்போர்ட்டி காரின் கடன் முடிந்துவிட்டது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த பிறகு தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து எழுவது அவருக்குப் பெரும் சிரமமாக இருக்கிறது. நீண்ட பயணங்களில் குலுங்கலால் என் மனைவிக்கு இடுப்பு வலி வருகிறது. ஆகவே 16 லட்சம் எக்ஸ்-ஷோரூம் (சாலை வரி, காப்பீடு சேராத) விலையுள்ள நடுத்தர எஸ்.யூ.வி. ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பழைய காருக்கு 5.25 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். 12 லட்சத்தை ஏழு ஆண்டுக் கடனாக வாங்கி, மீதியைச் சேமிப்பிலிருந்து கட்ட நினைக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். இந்த முடிவு சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காரை மாற்ற நீங்கள் சொல்லும் காரணம் நியாயமானது, அதை வீண் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். அம்மா காரில் ஏறவே தயங்கி, கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் போவதைத் தள்ளிப்போடும் நிலை வந்துவிட்டால், அந்த வீட்டுக்குக் கார் இருந்தும் பயன் குறைவு. ஆனால் உங்கள் தேவையையும் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வண்டியையும் நான் தனித்தனியாகவே பார்க்கிறேன். தேவை உயரமான இருக்கையும் மென்மையான பயணமும். அதற்காக 16 லட்சம் ரூபாய் வண்டிதான் வேண்டும் என்பதை உங்கள் கடிதத்தில் உள்ள எந்தத் தகவலும் நிரூபிக்கவில்லை.

முதலில் உண்மையான விலையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2018-ல் நீங்கள் போலோ வாங்கியபோது 10 லட்சத்துக்கு உட்பட்ட கார்களுக்குச் சாலை வரி 10 சதவீதமாக இருந்தது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட பிறகு 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கும் மேல் 20 சதவீதம் என்று ஆகியிருக்கிறது. ஆக, 16 லட்சம் ரூபாய் வண்டிக்குச் சாலை வரி மட்டும் 2,88,000 ரூபாய். காப்பீட்டுக்குச் சுமார் 70,000, பதிவு முதலிய சில்லறைக் கட்டணங்களுக்கு 6,000 என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) வசூலிப்பதால் 16,000 ரூபாய் சேரும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய தொகைதான் என்றாலும், வாங்கும் நாளில் கையிலிருந்து போகும். எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு விலை 19,80,000. பழைய காரின் 5.25 லட்சமும் கடன் 12 லட்சமும் போக, சேமிப்பிலிருந்து 2.55 லட்சம் எடுக்க வேண்டும். அவசர நிதியில் மிஞ்சுவது 65,000 ரூபாய் மட்டுமே.

12 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு மாதத் தவணை 19,307 ரூபாய். வீட்டுக் கடனையும் சேர்த்தால் 50,307. அதாவது சம்பளத்தில் கிட்டத்தட்ட 44 சதவீதம் கடனுக்கே போய்விடும். எஸ்.ஐ.பி.யும் வீட்டுச் செலவும் கழிந்த பிறகு மாதம் 4,700 ரூபாய்கூட மிஞ்சாது. இதிலிருந்துதான் ஆண்டுதோறும் காப்பீடு, சர்வீஸ், தீபாவளி, உறவினர் வீட்டுத் திருமணம் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும். அந்தப் பணம் எதற்காகச் சேர்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதற்கு அடுத்த கணக்கு. உங்கள் மகள் இன்னும் மூன்று ஆண்டுகளில் கல்லூரியில் சேருவாள். அதுவரை நீங்கள் 36 தவணைகளில் 6,95,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அதில் ஏறத்தாழ 2,71,000 ரூபாய் வட்டிக்கே போயிருக்கும். அந்த நாளில் கார் கடனில் 7,76,000 ரூபாய் பாக்கி இருக்கும். கல்விக் கடனுக்கு நீங்கள் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திடும்போது, வங்கி முதலில் பார்ப்பது ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் தவணைகளைத்தான். ஐந்து ஆண்டுக் கடனாக மாற்றினால் மொத்த வட்டி 4,22,000 ரூபாயிலிருந்து 2,95,000 ரூபாயாகக் குறையும்; ஆனால் தவணை 24,910 ஆகிவிடும், அது உங்கள் சம்பளத்துக்குள் அடங்காது. ஏழு ஆண்டாக இழுத்தால்தான் இந்த வண்டி கட்டுப்படியாகிறது என்ற நிலையே, வண்டி உங்கள் வருமானத்தை மீறியது என்பதற்குப் போதிய அடையாளம்.

இனி சௌகரியத்தைப் பற்றி. எஸ்.யூ.வி. என்றாலே குலுங்காது என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மை அல்ல. குழியில் இறங்கும் அதிர்ச்சியை முதலில் வாங்குவது டயரின் பக்கச்சுவர். ஒரே மாடலில் விலை கூடிய வேரியன்ட்டுகளுக்குப் பெரும்பாலும் பெரிய அலாய் சக்கரமும் பக்கச்சுவர் குட்டையான டயரும் வருகின்றன. கீழ்நிலை வேரியன்ட்டின் சிறிய சக்கரமும் தடித்த டயரும்தான் நம் ஊர்ச் சாலைகளில் இடுப்புக்கு இதமானவை. மேல் வேரியன்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் லட்சங்கள் சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் போகின்றன, மனைவியின் இடுப்பு வலிக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

அம்மாவின் முழங்காலுக்கும் இதுபோல ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருக்கை அவருடைய இடுப்பின் உயரத்துக்கு இருந்தால், பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே வைத்துக்கொள்ளலாம். அதைவிடத் தாழ்ந்தால் எழுவது கடினம். அதைவிட உயர்ந்தால் காலைத் தூக்கி ஏற வேண்டும், அது அறுவை சிகிச்சை செய்த முழங்காலுக்கு இன்னும் மோசம். எனவே பெரிய எஸ்.யூ.வி.யைவிடச் சிறிய எஸ்.யூ.வி. அவருக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம். எந்த ஷோரூமுக்கும் அவரை அழைத்துக்கொண்டு போங்கள். முன் இருக்கையிலும் பின் இருக்கையிலும் மூன்று நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் நீங்கள் நினைத்திருக்கும் மாடலையே ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக மதுரை வரை குடும்பத்தோடு சென்று வாருங்கள். அதற்குச் செலவாகும் சில ஆயிரம் ரூபாயை நான் வீண் என்று நினைக்கவே மாட்டேன்.

அதற்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 62,000 கிலோமீட்டர் ஓடிய காரின் ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ், டயர் ஆகியவற்றை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வாங்கிய புதிதில் இல்லாத குலுக்கல் இப்போது இருக்கிறதென்றால், தேய்மானத்துக்கு அதில் ஒரு பங்கு இருக்கலாம். இறுகிப்போன பழைய டயர் மட்டுமே பாதிக் காரணமாக இருப்பதும் உண்டு. இதனால் இருக்கை உயராது, அம்மாவின் பிரச்சினை தீராது என்பது உண்மைதான். ஆனால் மனைவியின் வலி குறைந்தால், அவசரமின்றி யோசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

என் பரிந்துரை, 10 லட்சத்துக்குள் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள, நான்கு மீட்டருக்கு உட்பட்ட எஸ்.யூ.வி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதம் மாறியிருப்பது இந்தத் தேர்வுக்கு வலுச் சேர்க்கிறது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள்ளும், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் (டீசல் என்றால் 1,500 சி.சி.) இருந்தால் வரி 18 சதவீதம், இந்த வரம்பைத் தாண்டினால் 40 சதவீதம். உங்கள் போலோவும் 1,197 சி.சி. என்ஜினோடு இந்தச் சிறிய கார் வரம்புக்குள் அடங்கும் வண்டிதான். டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ ஆகியவை 18 சதவீதத்தில் வருகின்றன. கிரெட்டா போன்ற நடுத்தர வண்டிகள் 40 சதவீதத்தில் வருகின்றன. நான்கு மீட்டருக்குள் இருந்தும் 1,462 சி.சி. பெட்ரோல் என்ஜின் கொண்டிருப்பதால் மாருதி பிரெஸ்ஸாவும் 40 சதவீதத்திலேயே இருக்கிறது. நீங்கள் வேகத்தை விரும்பி ஓட்டுகிறவர் என்பதால் சொல்கிறேன்: இந்தச் சிறிய எஸ்.யூ.வி.களில் டர்போ பெட்ரோல் என்ஜின்கள் கிடைக்கின்றன, ஓட்டும் இன்பத்தை முற்றிலும் துறக்க வேண்டியதில்லை.

எக்ஸ்-ஷோரூம் விலை 9.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சாலை வரி 1,27,400, காப்பீடு 45,000, இதர கட்டணம் 6,000 சேர்த்து ஆன்-ரோடு 11,58,400 ரூபாய், டி.சி.எஸ். கிடையாது. பழைய காரின் 5.25 லட்சம் போக, 5.5 லட்சம் கடன், சேமிப்பிலிருந்து 83,400 ரூபாய் போதும். கடனை நான்கு ஆண்டுகளில் முடிக்கத் தவணை 13,687 ரூபாய், மொத்த வட்டி சுமார் 1,07,000. இரண்டு கடன் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் 39 சதவீதத்துக்குள் நிற்கும், எஸ்.ஐ.பி.யைத் தொடவேண்டியதில்லை, மாதம் 10,000 ரூபாய் மிஞ்சும், அவசர நிதியில் 2,36,000 ரூபாய் இருக்கும். மகள் கல்லூரியில் சேரும்போது கார் கடனில் பாக்கி 1,57,000 ரூபாய்தான் இருக்கும். 7,76,000 ரூபாய் பாக்கியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: 10 லட்சம் என்ற கோட்டைச் சில ஆயிரம் ரூபாய்க்காகத் தாண்டிவிடாதீர்கள். 10 லட்சம் ரூபாய் காருக்குச் சாலை வரி 1,30,000, 10.2 லட்சம் ரூபாய் காருக்கு மொத்த விலைக்கும் 18 சதவீதம் என்பதால் 1,83,600, கூடவே டி.சி.எஸ்.

மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய நடுத்தர எஸ்.யூ.வி.யைப் பயன்படுத்திய கார் சந்தையில் வாங்குவதும் ஒரு வழி. ஆயுட்கால வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். ஆனால் பழைய காருக்கான கடனுக்கு வட்டி புதிய காரைவிடக் கூடுதலாக இருக்கும், வண்டியைச் சோதித்து வாங்கும் பொறுமையும் வேண்டும். உங்கள் நண்பர் வட்டத்தில் நம்பகமான மெக்கானிக் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போகலாம்.

பழைய காரை விற்கும்போது, 5.25 லட்சம் என்ற முதல் விலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். போலோவின் உற்பத்தி இந்தியாவில் 2022-ல் நின்றுவிட்டது, ஜி.டி. மாடலைத் தேடி வாங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். சர்வீஸ் ரசீதுகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு குறைந்தது மூன்று இடங்களில் விலை கேளுங்கள். ஷோரூமில் ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ என்று தரும் தொகையைத் தனியாகப் பார்க்காமல், பழைய காரின் விலையும் போனஸும் சேர்ந்து எவ்வளவு என்று மட்டும் ஒப்பிடுங்கள். காப்பீட்டில் உங்களுக்குச் சேர்ந்திருக்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராமல் இருந்திருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். விற்றவுடன் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டால் புதிய காரின் பாலிசியில் அதைப் பயன்படுத்தலாம். புதிய காரின் காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

வாங்குபவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு வருவதோடு வேலை முடியாது. படிவம் 29, படிவம் 30 இரண்டையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்த்து, ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே சரிபாருங்கள். கடன் முடிந்த பிறகும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 கொடுத்து அதை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். விற்ற காரின் பதிவு மாறாத நிலையில் விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை, விற்பனை ஒப்பந்தம், வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் குறித்துக் கையெழுத்து வாங்கிய ரசீது, வாங்குபவரின் அடையாளச் சான்று நகல் ஆகிய மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.