ஒற்றைத் தோட்டா ரைஃபிள், ஈயக் குண்டு: இந்த முறை வந்த கேள்விகள்

கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற நம்மூர்க்காரர்கள் எழுதியவை, மிச்சம் அம்பை, வள்ளியூர், உவரிப் பக்கத்திலிருந்து. எப்போதும் சொல்வதை இப்போதும் சொல்லிவிடுகிறேன். தோட்டா கட்டுவது பற்றி நான் எழுதுவதெல்லாம் அதற்கு அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கு. இங்கே 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. "நாலே நாலு தோட்டாதானே அண்ணாச்சி" என்று யாரும் எழுத வேண்டாம்.

கே: குண்டு வார்த்தால் பளபளப்பாக வராமல் பனி படர்ந்த மாதிரி மங்கலாக வருகிறது. திரும்ப உருக்கிவிடவா? (திசையன்விளை, இப்போது பிரிஸ்பேன்)

வேண்டாம், சுடுங்கள். அச்சு கொஞ்சம் சூடு அதிகம், அவ்வளவுதான். சுருக்கம் விழுந்து வந்தால்தான் கவலை, அது அச்சு குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் குண்டின் அடிப்பக்க விளிம்பு மட்டும் கூர்மையாக, முழுசாக இருக்க வேண்டும். மூக்கில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் பெரிய நஷ்டமில்லை, அடியில் இருந்தால் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. குழல் வாயை விட்டு வெளியேறும்போது கடைசியாக வெடிமருந்துக் காற்று தள்ளுவது அந்த அடியைத்தான்.

கே: தாத்தா காலத்து மார்டினி ஹென்றி ரைஃபிள் ஒன்று பரணில் கிடக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் ஆன பொருள் என்பதால் லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்கள். சரியா? (அம்பாசமுத்திரம்)

யார் சொன்னார்கள்? டீக்கடையிலா? சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழைய ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மைதான், ஆனால் அதை முழுசாகப் படிக்க வேண்டும். பழையதாக இருந்தால் மட்டும் போதாது, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும். மார்டினி அப்படிப்பட்டதல்ல. 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட அந்த ரைஃபிளின், தோட்டாவை அடைத்துச் சுடும் பொறியான ஆக்‌ஷனைக் கழற்றித் துடைத்து ஒரு ஸ்பிரிங் மாற்றினால் இன்றைக்கும் வேலை செய்யும். தாத்தா பேரில் லைசென்ஸ் இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால், காலம் கடத்தாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பது அதற்கு அப்புறம். லைசென்ஸே இருந்ததில்லை என்றால் எனக்கு எழுதாதீர்கள், நாளைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். போட்டோ எடுத்து வாட்ஸப்பில் சுற்றவிடாதீர்கள்.

கே: உவரியில் வலைக்கு ஈயக்குண்டு ஊற்றுகிறோம். மழைக்காலத்தில் சட்டி திடீரென்று சீறித் தெறிக்கிறது. துப்பாக்கிக் குண்டு ஊற்றுபவர்களுக்கும் இப்படி ஆகுமா?

ஆகும், காரணமும் ஒன்றுதான்: தண்ணீர். ஈயம் உருகுவது 327 டிகிரியில், தண்ணீர் ஆவியாவது நூறில். ஈரம் பட்ட ஒரு கட்டியை உருகிய ஈயத்துக்குள் போட்டால் உள்ளே மாட்டிய ஈரம் நொடியில் ஆவியாகிச் சட்டியில் இருப்பதையெல்லாம் மேலே வீசிவிடும். மேல்பரப்பில் விழுகிற ஒரு துளி சும்மா பொரிந்துவிட்டுப் போகலாம், ஈயத்துக்கு அடியில் போகிற துளிதான் ஆளைக் கெடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் திறந்த வெளியில் ஊற்றாதீர்கள். புதுக் கட்டி போடுவதாக இருந்தால் அடுப்பு பற்றவைக்கும் முன்பே சட்டியில் போடுங்கள், கரண்டியையும் சூடாக்கிவிட்டு இறக்குங்கள். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. சமையல் பாத்திரத்தை இதற்கு எடுத்தால் அது இனிமேல் சமையலுக்கு இல்லை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

பழைய கார் பேட்டரித் தகட்டை உடைத்து உருக்குகிறவர்கள் அங்கே யாராவது இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அதிலிருந்து வரும் வாயு விஷம்.

கே: 45-70 தோட்டா போடும் ரோலிங் பிளாக் ரைஃபிள், இத்தாலியில் செய்த புது நகல். 457 என்று போட்ட அச்சு வாங்கி வார்த்தேன். பத்துத் தோட்டா சுடுவதற்குள் குழலில் ஈயம் ஒட்டுகிறது, குண்டுகள் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றன. எந்த வெடிமருந்துக்கு மாறட்டும்? ஈயத்தை இன்னும் கடினமாக்கவா? (கல்லிடைக்குறிச்சி, இப்போது டெக்சாஸ்)

இந்தக் கடிதம் மாதா மாதம் வருகிறது. ஊர் பெயரும் துப்பாக்கி பெயரும் மாறும், கேள்வி மட்டும் அப்படியே இருக்கும். தம்பி, எத்தனை கஜத்தில் சுட்டீர்கள் என்று எழுதவில்லை. எந்த ஈயம், என்ன கலவை, எழுதவில்லை. ஈயம் குழலில் எந்த இடத்தில் ஒட்டுகிறது, எழுதவில்லை. முக்கியமாக, குழலின் உள் அளவு என்ன என்று ஒரு வார்த்தை இல்லை, ஆனால் மருந்தை மாற்றவா என்று கேட்கிறீர்கள். காலை அளக்காமல் செருப்பு வாங்கிவிட்டு, கடிக்கிறதே, சாக்ஸை மாற்றட்டுமா என்று கேட்கிற கதை இது.

அச்சில் 457 என்று போட்டிருந்தால் குண்டு .457 இன்ச்சாகத்தான் விழும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது செய்தவர் மனதில் வைத்திருந்த கலவைக்கான அளவு. தனிக் காரீயம் ஆறும்போது அதிகம் சுருங்கும், குண்டு சின்னதாக விழும். ஆண்டிமனி கலந்தால் குறைவாகச் சுருங்கும், குண்டு பெரிதாக விழும். ஒரே அச்சில் கலவையைப் பொறுத்து ஒன்றிரண்டு தவு (தவு என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசம் வருவது சாதாரணம். அதே மாதிரி 45-70 என்றால் குழல் காடி, அதாவது குழலுக்குள் சுற்றி ஓடும் பள்ளம், .458 என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நகல் ரைஃபிள்களில் பெரும்பாலும் அதை ஒட்டி இருக்கும், பழைய 1873 ஸ்பிரிங்ஃபீல்ட் ராணுவ ரைஃபிளில் .460, .462 என்றுகூட வரும். உங்களுடையது எவ்வளவு? அதைச் சொல்ல வேண்டியது நானல்ல.

அளப்பது அரை மணி நேர வேலை. ஆக்‌ஷனைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குழலுக்குள் எண்ணெய் ஒரு இழை விடுங்கள். குழல் வாயை விடக் கொஞ்சம் பெரிதான, கலப்பில்லாத மெத்தென்ற ஈயக்குண்டு ஒன்றை மரச் சுத்தியால் தட்டி உள்ளே இறக்கி, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி மறுபக்கம் எடுங்கள். வெளியே வருவதை மைக்ரோமீட்டரால் அளங்கள். வெர்னியர் போதாது, இந்த வேலைக்கு அது ஏமாற்றும். காடிகள் 3, 5, 7 என்று ஒற்றைப்படையாக இருந்தால் எதிரும் புதிருமாகப் பிடிக்க முடியாது, வி வடிவ வாய் உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டில் 3 காடி, மார்டினி ஹென்றியில் 7. தள்ளும்போதே கை சொல்லும் சேதியும் உண்டு. நடுவில் ஓரிடத்தில் இறுக்கம், அப்புறம் வாய்ப்பக்கம் தளர்வு என்றால் அந்தக் குழல் ஈயக் குண்டோடு ஒத்துப்போவது கஷ்டம்.

காடி அளவை விட ஒன்று அல்லது இரண்டு தவு பெரிய குண்டு வேண்டும், அது சேம்பருக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், நெருக்காமல் போகவும் வேண்டும். அதை விட்டுவிட்டுக் கடினமாக்குகிறேன் என்று கிளம்புவதுதான் எனக்கு எரிச்சல். அளவு குறைந்த கடினக் குண்டு அளவு குறைந்த மெத்தான குண்டை விட மோசம். கருமருந்து, அதாவது புகை கக்கும் பழங்கால வெடிமருந்து, ஒரேயடியாக அடிக்கும், அந்த அடியில் மெத்தான குண்டு கொஞ்சம் விரிந்து காடியை அடைத்துக்கொள்ளும். அச்சுக்கோர்க்கும் ஈயத்தில் வார்த்த குண்டு, பிரினெல் அளவில் கடினம் 22 சொச்சம், விரியாது. ஓரத்தில் சூடான காற்று புகுந்து குண்டை அரித்துக்கொண்டு போகும், அந்த ஈயம்தான் குழலில் ஒட்டுவது. இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம், கடினம் பத்து. நூற்று ஐம்பது வருடமாக இந்த ரைஃபிள்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒட்டுகிற இடத்தையும் பாருங்கள். சேம்பர் பக்கம் ஒட்டினால் பெரும்பாலும் குண்டு சின்னது. வாய்ப்பக்கக் கடைசிச் சாணில் மட்டும் ஒட்டினால் குண்டில் பூசிய க்ரீஸ் பாதி வழியில் தீர்ந்துவிட்டது. இரண்டிலுமே மருந்துக்குச் சம்பந்தம் கடைசியில்தான். அளந்துவிட்டு எழுதுங்கள், அப்போது பேசலாம்.

கே: அம்மா ரசத்துக்குக் கொடுத்துவிட்ட ஈயச்சொம்பு சும்மா இருக்கிறது. உருக்கி வெள்ளீயமாகக் கலக்கலாமா? (தென்காசி, இப்போது கால்கரி)

பத்து கிலோ காரீயத்துக்கு அரைக் கிலோ வெள்ளீயம் வேண்டும், சொம்பு எத்தனை நாளைக்கு வரும்? சொம்பில் காரீயக் கலப்படம் இருக்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. கலவை அச்சடித்த காரீயமில்லாத சால்டர் கட்டி வாங்குங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் என்னையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

கே: குண்டுக்குப் பூசும் க்ரீஸுக்குத் தேன்மெழுகு கிடைக்கிறது. கூட எதைச் சேர்ப்பது? நல்லெண்ணெய் ஆகுமா? வெயிலில் எல்லாம் உருகி வழிகிறது. (சுரண்டை, இப்போது அரிசோனா)

நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகும், விட்டுவிடுங்கள். மெழுகு பாதி, உப்புப் போடாத ஆட்டுக் கொழுப்பு பாதி. உப்பு இருந்தால் துரு. 1857இல் தோட்டாவில் என்ன கொழுப்பு என்ற சந்தேகத்தில் ஒரு ராணுவமே கிளர்ந்தது, ஆகவே கொழுப்பு ஆகாதவர்கள் ஆமணக்கெண்ணெய் சேர்க்கலாம். வெயில் ஊர் என்றால் மெழுகை முக்கால் பங்காக ஏற்றுங்கள். கருமருந்தோடு வண்டி க்ரீஸ் வேண்டாம், பெட்ரோலியச் சரக்கு அதோடு சேர்ந்து தார் மாதிரி படியும்.

கே: என் குழலில் காடி 22 இன்ச்சுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. 550 கிரெய்ன் குண்டு நிலையாகப் போகுமா? (பெர்த்)

எடையை வைத்துச் சொல்ல முடியாது, நீளம் எவ்வளவு? கிரீன்ஹில் கணக்கு: குண்டின் குறுக்களவை அதாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் எத்தனை இன்ச்சுக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது வரும், குழலின் எண் அதற்கு மேல் போகக் கூடாது. .458க்கு 1.3 இன்ச் நீளம் என்றால் 24 வரும், 22 சுற்றுக் குழல் தாராளம். ஒன்றரை இன்ச் என்றால் 21, உங்கள் குழலுக்கு இழுபறிதான். 18 சுற்று வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்.

கே: ரைஃபிள் கிளப்பில் 50 மீட்டர் சுடுகிறேன், .22 ஒற்றைத் தோட்டா. ஆனி ஆடி வந்தால் ஸ்கோர் படுத்துவிடுகிறது. வேகமான தோட்டா வாங்கினால் காற்று குறைவாகத் தள்ளுமா? (பணகுடி)

ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்றில் நின்று கேட்கிறீர்கள், பக்கத்தில் காற்றாலை சும்மாவா நிற்கிறது. ஈயக் குண்டும் பழைய ரைஃபிளும் என்ற என் விஷயத்தோடு இது ஒட்டுகிறது, அதனால் பதில்.

வேகமானது வாங்காதீர்கள். இதை நம்ப மறுப்பவர்கள் நிறையப் பேர். காற்று எவ்வளவு தள்ளும் என்பது குண்டு எவ்வளவு நேரம் பறக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தை ஒட்டி, அதாவது நொடிக்கு 1100 அடி சுற்றுவட்டாரத்தில், காற்றின் தடை திடுதிப்பென்று ஏறும். 1250 அடியில் கிளம்புகிற .22 அந்தத் தடையில் மாட்டி வேகத்தைக் கொட்டிவிடும். 1050இல் கிளம்புகிற மேட்ச் (போட்டித்) தோட்டா அந்தப் பக்கமே போவதில்லை, ஆகவே குறைவாக ஒதுங்கும். அப்படியும் மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றுக்கு 50 மீட்டரில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிவிடும், பத்துப் புள்ளி வட்டமோ ஒரு சென்டிமீட்டர்தான். கொடியைப் பாருங்கள், ஒரே மாதிரிக் காற்று திரும்ப வரும் வரை காத்திருங்கள். விடிகாலையில் சுட முடிந்தால் இன்னும் நல்லது. நூறு கஜத்தில் 405 கிரெய்ன் 45-70 குண்டுக்கு இதே காற்று சில இன்ச் போடும், பெரிய குண்டு அசையாது என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கே: கருமருந்து கிடைக்கவில்லை. அதே அளவு கரண்டியில் புகையில்லா மருந்து போடலாமா? (பெயர், ஊர் இல்லை)

கூடாது. பெயர் போடாமல் எழுதியதற்கும் காரணம் புரிகிறது. துப்பாக்கி வெடித்து முகத்தில் வரும்.

கே: கருமருந்து பாதிக் கூடு மட்டும் போட்டால் உதை குறையுமா? ஒரு நல்ல அளவு சொல்லுங்கள். (டென்வர்)

கருமருந்தில் குண்டுக்கும் மருந்துக்கும் இடைவெளி விடவே கூடாது, குழல் வீங்கும். குறைக்க வேண்டுமானால் மேலே அடைப்பு வைத்துக் காலியிடத்தை நிரப்ப வேண்டும். அளவு நான் சொல்ல மாட்டேன், யாருக்கும் சொன்னதில்லை. அச்சிட்ட லோடிங் கையேட்டைப் பாருங்கள். அதிலும் 45-70க்கு மூன்று தனிப் பட்டியல் இருக்கும்: பழைய ஸ்பிரிங்ஃபீல்டுக்கு, லீவர் ரைஃபிளுக்கு, ரூகர் நம்பர் ஒன் மாதிரிப் புதுசுக்கு. மூன்றாவது பட்டியலைப் பார்த்து முதலாவது துப்பாக்கிக்குக் கட்டினால் மேலே சொன்ன பெயரில்லாதவர் கதைதான்.

கே: சுட்டு முடித்ததும் டபிள்யூடி 40 எண்ணெய் அடித்து வைக்கிறேன், இருந்தும் துரு. (சேரன்மகாதேவி, இப்போது மெல்பர்ன்)

கருமருந்துக் கசடில் இருப்பது உப்புச் சரக்கு, எண்ணெயில் கரையாது, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். சோப்பும் வெந்நீரும் முதலில், நன்றாக உலர்த்திவிட்டு எண்ணெய். அன்று மாலையே. மறுநாள் அல்ல. பித்தளைக் கூடுகளுக்கும் இதேதான்.

கே: கடலைத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி நாசம் செய்கிறது. லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் 12 போர் இருக்கிறது. ஈயக்குண்டு வார்த்து வைத்துக்கொள்ளலாமா? (கடையம்)

தோட்டாவும் கட்டக்கூடாது, பன்றியையும் சுடக்கூடாது. 1972ஆம் வருட வன உயிரினச் சட்டம் இருக்கிறது, பயிர் பாதுகாப்புக்கு வாங்கிய லைசென்ஸ் என்பது பன்றி வேட்டைக்கு அனுமதி அல்ல, பன்றி விஷயத்தில் முடிவெடுப்பது வனத்துறை. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, மேற்கு மலையடிவாரத்தில் ராத்திரி முழுக்கக் காவல் இருந்து விடியும்போது பாத்தி பாத்தியாகக் கிளறிக் கிடப்பதைப் பார்க்கிறவருக்குச் சட்டம் பேசுவது எளிது என்று தோன்றும். அதற்காகத் துப்பாக்கியும் போய், லைசென்ஸும் போய், கேஸும் வாங்க வேண்டாம். சேதமான அன்றே போட்டோ எடுங்கள், வி.ஏ.ஓ.வைக் கூட்டிவந்து காட்டுங்கள், வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு, வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் கிடைக்காது.