பாக்கி வரவில்லை, கல்யாணப் படங்களைத் தராமல் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒன்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். போன தை மாதம் ஒரு கல்யாணம் எடுத்தேன். பெண்ணின் அப்பாதான் பேசி முடித்தார். நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ரிசப்ஷன், வீடியோ, இரண்டு ஆல்பம் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய். பத்திரம் எதுவும் எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினேன், அவர் சம்மதம் சொன்னார். ‘ஆல்பம் தரும்போது மீதிப் பணம்’ என்று அதில் இருக்கிறது. 65,000 வந்தது, 55,000 பாக்கி. ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்து நான்கு மாதமாகிறது. ‘ஆல்பத்தையும் எல்லாப் படங்களையும் முதலில் கொடு, அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார்கள். கோபத்தில், பணம் வராவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்று மெசேஜ் போட்டுவிட்டேன். பெண்ணின் படங்கள் நான்கை என் இன்ஸ்டாகிராமிலும் போட்டிருந்தேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் எல்லாம் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவார்களாம். நான் எடுத்த படம் எனக்குச் சொந்தம் இல்லையா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தொழிலில் இருக்கும் பலர் தவறாக நம்பிக்கொண்டிருப்பது அதைத்தான்.

1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவர்தான் அதன் படைப்பாளி. அந்த வகையில் நீங்கள் நினைப்பது சரி. ஆனால் 17-ம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, கூலி பேசி எடுக்கப்பட்ட படம் என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவர்தான் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். கல்யாணப் படங்கள் அப்படியே இதற்குள் வந்துவிடுகின்றன. உங்கள் விஷயத்தில் பேசி முடித்தவர் பெண்ணின் அப்பா. ஆக, உரிமை பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோகூட இல்லை, அவருக்குத்தான். பாக்கி இருக்கிறது என்பதால் மட்டும் அந்த உரிமை உங்களிடம் திரும்பி வந்துவிடாது என்பது என் கருத்து. அவர் தர வேண்டியது பணம். அதை வசூலிக்க வேறு வழி இருக்கிறது.

அதே சட்டத்தின் 57-ம் பிரிவு, படைப்பாளி நீங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை உங்களிடமே விட்டு வைத்திருக்கிறது. அது பெயருக்கான உரிமை. இன்ஸ்டாகிராமில் போடும் அனுமதி அதில் அடங்காது.

அந்த நான்கு படங்களையும் இன்றே எடுத்துவிடுங்கள். இதில் பதிப்புரிமையைவிடப் பெரிய விஷயம் அந்தப் பெண்ணின் அந்தரங்கம். தமிழ்நாட்டிலிருந்து போன ராஜகோபால் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், தன் குடும்பம், திருமணம் போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று சொல்லியிருக்கிறது. மணமேடையில் ஆயிரம் பேர் பார்த்தார்களே என்பது பதிலாகாது. அங்கே வந்தவர்கள் அவர்கள் பத்திரிகை வைத்து அழைத்தவர்கள். உங்கள் பக்கத்தைப் பார்ப்பவர்களை அவர்கள் அழைக்கவில்லை.

அடுத்தது ஆல்பம். இங்கே சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. ‘ஆல்பம் தரும்போது மீதி’ என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 51-ம் பிரிவின்படி, எதிர்த்தரப்பு தன் பங்கைச் செய்யத் தயாராக இல்லாதபோது நீங்களும் உங்கள் பங்கைச் செய்ய வேண்டிய கட்டாயமில்லை. அதனால் பணம் வரும்வரை ஆல்பத்தைக் கையில் வைத்திருப்பது தப்பில்லை. கொட்டேஷனில் எல்லா ஒரிஜினல் பைல்களும் தருவதாக நீங்கள் எழுதவில்லை என்றால், அவற்றை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்று அவர்கள் அடம்பிடிப்பதும் சரியில்லை.

ஆனால் அந்த ‘அழித்துவிடுவேன்’ மெசேஜ் உங்களை ரொம்பப் பலவீனப்படுத்துகிறது. வீடு கட்டியது கோணலாகிவிட்டால் இடித்துக் கட்டலாம். தாலி கட்டிய அந்த நிமிடத்தை மறுபடி எடுக்க முடியாது. படம் தொலைந்த, படம் தராத வழக்குகளில் நுகர்வோர் ஆணையங்கள் மன உளைச்சலுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்வது இதனால்தான். அந்தக் கல்யாணத்தில் பேத்தியின் தலையில் அட்சதை போட்ட பாட்டி இன்று இருக்கிறாரோ இல்லையோ, உங்களுக்கும் எனக்கும் தெரியாது. தயவுசெய்து எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, ஒன்றை ஸ்டுடியோவிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள்.

நோட்டீஸுக்கு 15 நாளுக்குள் பதில் போட வேண்டும். ஒரு வக்கீல் மூலம் போடுங்கள். படங்கள் பத்திரமாக இருக்கின்றன, கோபத்தில் எழுதிய அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன், இன்ஸ்டாகிராம் படங்களை எடுத்துவிட்டேன், ஆல்பம் இத்தனையாம் தேதியிலிருந்து தயார், 55,000 ரூபாயுடன் வந்தால் உங்கள் வக்கீல் அலுவலகத்திலேயே ஒப்படைக்கிறேன். இவ்வளவு போதும். சண்டை வார்த்தை ஒன்றுகூட வேண்டாம்.

அதற்கு மேலும் அவர்கள் ஆணையத்துக்குப் போனால் பயப்பட வேண்டாம், அதற்காக அசட்டையாகவும் இருக்க வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகாரின் நகல் கிடைத்த 30 நாளில் உங்கள் பதிலைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். இதைத் தவறவிட்டவர்கள் நல்ல நியாயம் இருந்தும் தோற்றதைப் பார்த்திருக்கிறேன்.

பாக்கியை வசூலிக்க முன்சீஃப் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் உண்டு. ஆனால் 55,000 ரூபாய்க்கு நான் முதலில் சொல்லும் வழி வேறு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். அங்கே ஒரு மனு கொடுங்கள். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அந்தக் குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகிவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்களோடு வருடக்கணக்கில் கோர்ட்டில் நிற்பது, ஆள் சொல்லி ஆள் வரும் உங்கள் தொழிலுக்கு நல்லதில்லை.

எதுவானாலும் உங்கள் ஆதாரம் அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவில் சொன்ன சான்றிதழ் சேர்க்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயார் செய்வார். விஷயம் முடியும்வரை போனை மாற்றாதீர்கள், அந்தச் சாட்டில் உங்களுக்குச் சங்கடமான வரி உட்பட எதையும் அழிக்காதீர்கள்.