கேள்வி பதில்: ‘திடீர்ப் புயல்’ என்று கேப்டன் சொல்லலாமா?

சொந்த ஊர் கோபி. சரக்குக் கப்பலில் 24 வருடம் இருந்தேன், அதில் கடைசி 9 வருடம் கேப்டன். கடலைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: புயல் இயற்கைங்கண்ணா, கப்பல் அதில் மாட்டினால் கேப்டனை ஏன் பிடிக்கிறார்கள்?

புயலுக்காகப் பிடிப்பதில்லைங்க. வருவதைப் பார்த்தாயா, பார்த்துவிட்டு என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம் என்று படிப்படியாகத்தான் புயல் வளரும், கப்பலுக்கு எழுத்தில் வரும் ரேடியோ அறிவிப்பான நாவ்டெக்ஸில் எச்சரிக்கையும் வந்துகொண்டே இருக்கும். அது வராவிட்டாலும் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் இருக்கிறது. வெப்பமண்டலக் கடலில் காற்றழுத்தம் தினமும் 10 மணி வாக்கில் ஏறும், 4 மணி வாக்கில் இறங்கும், பகலிலும் சரி ராத்திரியிலும் சரி. அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் அந்த மாதத்துச் சராசரியைவிட 3 மில்லிபார் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும், 5 குறைந்தால் புயல் பக்கத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றைப் பார்த்து நின்றால், நம் வட அரைக்கோளத்தில், புயலின் மையம் வலது கைப்பக்கம் சற்றுப் பின்னால் இருக்கும்.

நாமக்கல் லாரி ஓட்டுநர்: இவ்வளவு கருவி இருந்தும் மாட்டுகிறார்களே?

2015 அக்டோபர் 1, பஹாமாஸ் பக்கம் வாக்கீன் சூறாவளியில் எல் ஃபாரோ என்ற அமெரிக்கக் கப்பல் மூழ்கி 33 பேரும் போனார்கள். கேப்டன் நம்பிய வானிலைத் தகவல் பல மணி நேரம் பழையது. ராத்திரி கப்பலின் இரண்டு அதிகாரிகள் அடுத்தடுத்து அவருக்குப் போன் செய்து பாதையை மாற்றலாமா என்று கேட்டும் அவர் மாற்றவில்லை. படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். நான் செகண்ட் ஆபீசராக இருந்தபோது, பாரோமீட்டர் இறங்குவதைப் பார்த்தும் கேப்டனை எழுப்பத் தயங்கி அரை மணி நேரம் நின்றேன், எழுந்து வந்தவர் அந்த அரை மணிக்காகத்தான் திட்டினார். நான் கேப்டனான பிறகு ராத்திரி உத்தரவுப் புத்தகத்தில் எழுதிய முதல் வரி: சந்தேகம் வந்தால் என்னை எழுப்பு.

திருப்பூர் ஏற்றுமதியாளர்: புயல் என்று சொல்லி என் பனியன் கன்டெய்னர் 4 நாள் தாமதம். கேப்டன் பயந்துவிட்டாரா?

இல்லைங்க, வேலையைச் செய்திருக்கிறார். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸில் தெளிவாக இருக்கிறது: உயிர்களைக் காக்கக் கேப்டன் எடுக்கும் முடிவை முதலாளியோ, கப்பலை வாடகைக்கு எடுத்தவரோ தடுக்கக் கூடாது. இருந்தாலும் போன் வரும், எனக்கும் வந்திருக்கிறது. உங்கள் ஆர்டர் முக்கியம்தான், ஆனால் அந்தக் கப்பலில் இருபது பேர் இருக்கிறார்கள்.

கோவை மாணவி: ஒக்கியில் போன மீனவர்களுக்கும் இதே அளவுகோலா சார்?

கிடையவே கிடையாதும்மா. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலை குமரிக்கடலில் புயலாகிவிட்டது. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் வெளியே இருப்பவை, வி.எச்.எஃப். என்ற ரேடியோ கருவி கரையிலிருந்து அவ்வளவு தூரம் எட்டாது. செய்தியே போய்ச் சேராதவரிடம் ஏன் திரும்பவில்லை என்று கேட்பது அநியாயம்.

பவானிசாகர் பரிசல்காரர்: சித்திரை, வைகாசியில் திடீரென்று காற்று அடிக்கிறது. எதைப் பார்க்கணும்ங்க?

உச்சி தட்டையாக விரிந்த கருமேகம். மழை தூரத்தில் இருக்கும்போதே அதன் காற்று முன்னால் ஓடிவரும், புழுக்கத்துக்கு நடுவே சில்லென்று அடித்தால் அதுதான். அதுவரை காத்திருக்காதீர்கள், இடி காதில் விழுந்ததுமே வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள், வலையை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.